பருந்து விழுந்த புஞ்சையும் தாய்மாமன் மாலையும்

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய என் மகளுக்கு,

கோவில்பட்டியிலிருந்து உன் தாய் வணக்கத்துடன் எழுதுவது. பெற்ற மகளுக்குத் தாய் வணக்கம் சொல்லிக் கடிதம் தொடங்குவது வழக்கமில்லை என்பதை அறிவேன். ஆயினும் நீ இன்று ஒரு பொறுப்பில் இருப்பவள். நானும் இன்று ஒரு பொறுப்போடுதான் எழுத அமர்ந்திருக்கிறேன். புரட்டாசிக் கடைசியில் நீ தொலைபேசியில் கேட்ட ஒரு கேள்விக்குக் கார்த்திகை முடியும் தறுவாயில் பதில் எழுதுகிறேன். இந்தக் காலதாமதத்தை முதற்கண் பொறுத்தருள வேண்டும். இடைப்பட்ட நாட்களில் நாம் பேசாமல் இல்லை. சாப்பிட்டாயா என்று நான் கேட்டேன். அங்கே மழை உண்டா என்று நீ கேட்டாய். "அம்மா, நான் செஞ்சது தப்பா?" என்று அன்று நீ கேட்டதை மட்டும் இருவருமே தொடாமல் விட்டு வைத்தோம். பதில் தெரிந்துகொண்டே நான் மறைக்கவில்லை. உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்லி உன்னை ஆற்றுவதைவிடச் சும்மா இருப்பது மேல் என்று இருந்துவிட்டேன்.

நேரில் பேசுவதைவிட எழுத்தில் பேசுவது எனக்கு எளிது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போனவள் நான். மதிய உணவு இடைவேளையில் வாயில் சோற்றோடு நூலகத்துக்கு ஓடி, கையில் கிடைத்ததையெல்லாம் படித்துத்தான் தமிழ் கற்றேன். எழுவாய் எது, பயனிலை எது என்று சொல்லித் தர எனக்கு எவரும் வாய்க்கவில்லை. இன்றைக்கு நம் தெருவில் முதியோர் உதவித்தொகை முதல் குடிநீர்க் குழாய் வரை எதற்கு மனு வேண்டுமானாலும் நம் வாசலுக்குத்தான் வருகிறார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்கவும் மாட்டேன். ஆகவே இக்கடிதமும் சற்று மனுவைப்போலவே அமைந்துவிட்டால் சிரித்துவிடாதே. இதை உன் அலுவலகத்தாருக்கு நீ வாசித்துக் காட்டினாலும் எனக்குத் தடையில்லை. நாளை எவர் படித்தாலும் நான் வெட்கப்படும்படியான ஒரு சொல்லும் இதில் இராது.

நீ அந்த வேலையில் சேர்ந்த புதிதில், மகளுக்கு என்ன உத்தியோகம் என்று எவர் கேட்டாலும், "காட்டுயிர்களைக் காக்கும் உலகளாவிய தொண்டு நிறுவனம் ஒன்றில் களப் பொறுப்பாளர்" என்று ஒரே மூச்சில் சொல்வேன். தெருவில் அதைச் சுருக்கிப் 'பறவை ஆபீஸ்' ஆக்கிவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரி ஒருநாள் குழாயடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "ஏன் மதினி, காக்கா குருவிக்கெல்லாமா ஆபீஸ் வச்சிருக்காவ? உங்க பிள்ளைக்குச் சம்பளம் ரூவாயா குடுக்காவளா, தானியமா அளக்காவளா?" என்றாள். குழாயடியே சிரித்தது. நான் குடம் நிறையுமுன்பே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் உள்ளபடி சொன்னால், நீ என்ன வேலை செய்கிறாய் என்பது எனக்கும் விளங்கியிருக்கவில்லை. விடியுமுன் வண்டியை எடுத்துக்கொண்டு போவாய். காலில் நெருஞ்சி முள்ளும் முகத்தில் கரிசல் புழுதியுமாகத் திரும்புவாய். படித்த பிள்ளை காடு மேட்டில் எதைத் தேடுகிறாள் என்று எனக்கு உள்ளூர வருத்தமே இருந்தது.

சென்ற மார்கழியில் ஒரு மாலை நீ என்னை வண்டியின் பின்னால் ஏற்றி விளாத்திகுளம் சாலைக்கு அழைத்துப் போனது உனக்கு நினைவிருக்கும். உழாமல் போட்ட பெரிய தரிசு அது. முழங்கால் உயரத்துக்குப் புல். வெயில் இறங்கியதும் வடக்கிலிருந்து ஒன்று, கிழக்கிலிருந்து இரண்டு என்று பூனைப்பருந்துகள் வரத் தொடங்கின. இறக்கையை அடிக்காமல், புல்லின் தலையைத் தடவிக்கொண்டே வந்து, வட்டமிட்டு, தரையில் இறங்கிப் புல்லுக்குள் மறைந்தன. மரத்தில் அடையாமல் மண்ணில் படுக்கும் பருந்தை நான் அதுவரை கண்டதில்லை. "இது எங்க இருந்து வருது?" என்று கேட்டேன். கஜகஸ்தான் என்றாய். பனி பெய்யுமுன்பே அங்கிருந்து கிளம்பி, மலை தாண்டி, பாலைவனம் தாண்டி, நம் மானாவாரிக் காட்டுக்கு வருகிறது என்றாய். நம் பிள்ளைகளே பிழைப்புக்கு வழியில்லை என்று திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்க்கொண்டிருக்கையில், இந்தக் கரிசலை நம்பி அத்தனை தூரத்திலிருந்து ஓர் உயிர் வருகிறதே என்று எண்ணினேன். அப்போது உன் தொலைபேசி ஒலித்தது. அந்த நாட்டில் உங்கள் நிறுவனத்தில் பணிபுரியும் ஒரு பெண். ஒரு பருந்து கூட்டில் குஞ்சாக இருந்தபோதே, அதன் முதுகில் இருக்குமிடம் காட்டும் சிறு கருவி ஒன்றை அவர்கள் கட்டி அனுப்பியிருந்தார்களாம். அது பத்திரமாக வந்து சேர்ந்ததா, நன்றாக இரை எடுக்கிறதா என்று கேட்கிறாள் என்றாய். வெளியூருக்கு அனுப்பிய பிள்ளையைப் பற்றிப் பெற்றவள் கேட்பது போலவே இருந்தது. உன் வேலை எனக்கு விளங்கியது அந்த மாலையில்தான். ஒரு கரையில் ஒருத்தி வழியனுப்புகிறாள்; மறுகரையில் நீ வரவேற்கிறாய். இடையில் எத்தனையோ நாட்டில் எவர் எவரோ பார்த்துக்கொள்கிறார்கள். குழாயடியில் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் எவரிடமும் சொல்லவில்லை.

இனி உன் மாமாவைப் பற்றி. உன் தந்தை மறைந்த பிறகு இந்த வீட்டுக்கு ஆண் துணை என்று நின்றவர் என் அண்ணன் ஒருவர்தான். உனக்குக் காது குத்தியபோது அவர் மடியில்தான் உட்கார்ந்திருந்தாய். ஊசி ஏறியதும் அவர் புறங்கையை நீ கடித்த கடியில் இரத்தமே வந்துவிட்டது. கூடியிருந்தவர்கள் பதறியபோது, "கடிக்கட்டும், விடுங்க. நாளைக்கு மாமன் சீரு குறைஞ்சா இன்னொரு கை இருக்குல்லா" என்று சொல்லிச் சிரித்தார். உன் திருமணத்தில் மாலை எடுத்துக் கொடுக்கும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு. அவர் வராத பந்தலில் அந்த இடத்தில் வேறொருவர் நிற்பதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

அவருடைய ஓடைக்கரைப் புஞ்சையில் இந்த ஆண்டு நடந்தது உனக்குத் தெரியும். இருந்தும் மற்றவர் அறியும்பொருட்டு எழுதுகிறேன். மழை வருமுன்பே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருப்பதுதான் நம் பக்கத்து வெள்ளாமை. மழை விழுந்தபின் கரிசலில் கால் வைக்க முடியாது என்பதால் புரட்டாசியிலேயே புழுதி விதைப்பை முடித்துவிட வேண்டும். மழை தள்ளிப் போனால் விதை மண்ணுக்குள் காத்துக்கிடக்கும். முன்பு எறும்பும் எலியும் கொஞ்சம் தின்னும். இப்போது மயில் வந்துவிட்டது. ஓடையை மூடிக்கிடக்கும் சீமைக்கருவேலத்திலிருந்து கூட்டமாக இறங்கி, சால் பிடித்தாற்போல் நடந்து, விதையை வரிசையாகக் கிளறித் தின்றுவிட்டுப் போகும். அண்ணன் மக்காச்சோளம் போட்டார், போயிற்று. மறுபடி போட்டார், அதுவும் போயிற்று.

அவர் என்னிடம் வந்தார். நான் மனு எழுதினேன். 'மானாவாரி விவசாயிகளின் கண்ணீர் துடைக்க' என்று முடியும் அந்த மனுவை என் வாழ்நாளில் எழுதியவற்றுள் சிறந்ததாகவே இன்றும் கருதுகிறேன். அண்ணன் அதை முழுவதும் வாசித்துவிட்டு, "ஏட்டி, இம்புட்டு அழகா எழுதியிருக்கியே, இத மயில் படிக்குமா?" என்று கேட்டார். நீயும் சும்மா இருக்கவில்லை. உங்கள் நிறுவனத்திலிருந்து மினுமினுக்கும் நாடா கொண்டுவந்து, வெயிலில் நின்று புஞ்சையைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தாய். நான்கைந்து நாள் மயில் வரவில்லை. பிறகு பழகிவிட்டது. "உன் பறவை ஆபீஸ் நாடாவுல மயிலு முகம் பாத்து, சிங்காரிச்சிட்டுல்லா மேயப் போவுது" என்று அண்ணன் உன்னிடமே சொன்னார். நீயும் சிரித்தாய். பழைய சேலையை வேலியாகக் கட்டிப் பாருங்கள் மாமா என்றாய். அத்தனை சேலைக்கு எங்கே போவது என்றார். அத்தோடு நீ வேறு ஊருக்கு வேலையாகப் போய்விட்டாய். அவர் மூன்றாம் முறை விதைத்தார்.

கருவி கட்டிய அந்தப் பருந்து இந்தப் பருவத்தில் முதலில் வந்து இறங்கியவற்றுள் ஒன்று. அது நகராமல் ஒரே இடத்தில் கிடக்கிறது என்று கஜகஸ்தானிலிருந்து செய்தி வந்ததும் நீ கிளம்பிப் போனாய். உன் தொலைபேசி காட்டிய இடத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டே போனபோது, பாதை மாமாவின் புஞ்சைக்குத் திரும்பிய அந்தக் கணத்தில் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். புழுதியில் மயில்கள் செத்துக் கிடந்தன. தானியம் பொறுக்கிய சிறு குருவிகள் கிடந்தன. அந்தக் குருவியைத் தின்ற பருந்தும் கிடந்தது. ஆடு மேய்க்க வந்தவரின் நாய் ஓடைக்குள் நுரை தள்ளிக் கிடந்தது. விதையோடு பூச்சி கொல்லும் குருணை மருந்து கலந்திருந்ததை நீ பார்த்தாய். அங்கே வேறு எவரும் இல்லை. கருவியை மட்டும் கழற்றிக்கொண்டு நீ வந்திருக்கலாம், வரவில்லை. வனத்துறைக்குத் தகவல் சொன்னாய். அவர்கள் வந்தார்கள், வழக்கு எழுதினார்கள். அண்ணன் ஜாமீன் கிடைக்கும்வரை சிறையில் இருந்தார். உன் பாதுகாப்பைக் கருதி நிறுவனத்தார் உன்னைக் குஜராத்துப் புல்வெளிக்கு மாற்றினார்கள். விதை பூச்சி அரிக்காமல் இருக்கத்தான் மருந்து கலந்தார் என்று வழக்கறிஞர் சொல்லச் சொல்கிறார். அது உண்மையா இல்லையா என்பதை இங்கே நான் எழுத மாட்டேன். அது நீதிமன்றத்தில் தீர வேண்டியது.

ஊர் பேசியதை உனக்குச் சொல்லாமல் இருந்தேன், இப்போது சொல்லிவிடுகிறேன். சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது நம் உறவுக்காரி ஒருத்தி என் காதுபடவே, "எங்கயோ இருந்து வந்த பருந்துக்காகத் தாய்மாமனைப் பிடிச்சுக் குடுத்தவ. பருந்து வந்து மாலை எடுத்துக் குடுக்குமா இவளுக்கு?" என்றாள். எந்த மனுவுக்கும் சொல் தேடி அலையாத நான், அன்று கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் வந்தது. அதை அவளிடம் சொல்லப் போவதில்லை, உன்னிடம் சொல்கிறேன். அந்தப் பருந்தை நம்பி அங்கே ஒருத்தி இருந்தாள். உன்னை நம்பி அவள் அனுப்பினாள். அது இறந்த இடம் அயலானின் காடாக இருந்தால் நீ ஒரு கணமும் தயங்கியிருக்க மாட்டாய். மாமாவின் காடு என்பதற்காக வாயை மூடியிருந்தால், அதற்குப் பிறகு எந்த உழவனின் வாசலில் போய் நின்று மருந்து வைக்காதீர்கள் ஐயா என்று கேட்பாய்? அந்த நாய் செத்த ஓடையில்தான் ஆடு தண்ணீர் குடிக்கிறது. ஆடு மேய்ப்பவரும் குடிக்கிறார். ஆகவே நீ கேட்டதற்கு என் பதில் இது. நீ தகவல் சொன்னது தவறு அன்று. இதை எழுதுகையில் என் அண்ணன் முகம் என் எதிரே நிற்கிறது. நின்றாலும் எழுதுகிறேன்.

அடுத்து எழுதப்போவது என்னைப் பற்றியது. உன் சம்பந்தத்தைப் பேசி முடித்த பலசரக்குக் கடை அண்ணாச்சி ஐப்பசியில் நம் வீட்டுக்கு வந்தார். மாசியில் விசாரணை, நீதான் முதல் சாட்சி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. "தாயி, நீ தையிலயே கல்யாணத்த முடிச்சிரு. நான் போயி உங்க அண்ணன் காலுல விழுந்தாவது கூட்டிட்டு வாரேன். ஊரு பாக்க மாமன் மாலை எடுத்துக் குடுத்த பெறவு, எந்தப் பிள்ளையாவது கூண்டுல ஏறி மாமன் பேரச் சொல்லுமா? நாக்கு எழும்பாது. ரெண்டு வீடும் ஒண்ணாயிரும்" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். தையில் நாள் குறித்திருக்கிறேன் என்று உனக்குச் சொன்னபோது, சோதிடர் பார்த்த நாள் என்றுதான் சொன்னேன். சோதிடர் மூன்று நாள் கொடுத்தார். அதில் தை நாளை எடுத்தது நான். எதற்காக எடுத்தேன் என்று அப்போது என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. சென்ற வாரம் நீ, "அம்மா, சாட்சி சொல்ல நான் வரலன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாய். அடுத்த மூச்சிலேயே, "மாமா வராட்டி மாலையும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம், பதிவு ஆபீசுல கையெழுத்துப் போட்டு முடிச்சுக்கிடுதோம்" என்றாய். உன் குரலில் இருந்த களைப்பைக் கேட்ட பின்னர்தான், உன்னை இரண்டு பக்கமும் கட்டி இழுப்பவர்களில் நானும் ஒருத்தி என்பது எனக்கு உறைத்தது.

மறுநாளே விளாத்திகுளம் பேருந்தில் ஏறி அண்ணனைப் பார்க்கப் போனேன். வழக்குக்குப் பிறகு நான் அவர் ஊருக்குள் கால் வைப்பது அதுவே முதல் முறை. வீட்டில் இல்லை, புஞ்சையில் இருந்தார். தூரத்திலிருந்தே எனக்கு வியப்பாக இருந்தது. நீ சொன்னபடி புஞ்சையைச் சுற்றிச் சேலை கட்டியிருந்தார். சிவப்பு, பச்சை, நீலம், பூப்போட்டது, கட்டம் போட்டது என்று ஊர்ப் பெண்களின் பழைய சேலைகளெல்லாம் காற்றில் உப்பி நின்றன. நடுவே மழை விட்டு மண் கால் தாங்கியதும் நான்காம் முறை ஊன்றிய மக்காச்சோளம் இடுப்பளவு எழுந்திருந்தது. அண்ணன் மனைவியான மதினி கஞ்சித் தூக்கோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "நல்ல சேலை ஒண்ணு உடுத்திட்டு வந்திருக்க. உங்க அண்ணன் கண்ணுல படாம உக்காரு தாயி. கல்யாணத்துக்குன்னு வச்சிருந்த என் சுங்குடிச் சேலையே அங்கன வேலியில நிக்கி. மயிலுதான் பாத்து ரசிக்கி" என்றார்.

அண்ணன் கையில் தகர டப்பாவும் கம்பும் வைத்திருந்தார். மெலிந்திருந்தார். "யாரு, மனு எழுதுதவளா? வா. இந்தத் தடவ யாருக்கு மனு?" என்றார்.

"உங்களுக்குத்தான் அண்ணே" என்றேன்.

"அப்ப வாசிக்காத. வாயால சொல்லு."

தையில் நாள் வைத்திருப்பதையும், மாலை எடுத்துக் கொடுக்க அவர் வர வேண்டும் என்பதையும் சொன்னேன். நான் வழக்கமாகப் பேசும் முறையில் எல்லாவற்றையும் பணிவோடும் வரிசையோடும் சொன்னேன். அவர் டப்பாவை இரண்டு தட்டுத் தட்டினார். ஓடைப் பக்கம் ஏதோ பறந்தது. பிறகு கேட்டார்: "மாசியில கோர்ட்டு. தையில கல்யாணம். நாளு பாத்தது யாரு? சோசியரா, கடைக்கார அண்ணாச்சியா?"

"நானும்தான் அண்ணே."

"ம்." கம்பால் மண்ணைக் கிளறினார். "மாலைய வச்சு அந்தப் பிள்ள வாயக் கட்டப் பாத்திருக்க. ஏட்டி, செயிலுக்குப் போயிட்டு வந்தவன்னு ஊரு சொல்லுது. சொல்லட்டும். போயிட்டுத்தான வந்தேன். மருமகளுக்கு மாலைய லஞ்சமாக் குடுத்து வாய அடைச்சவன்னு ஒருத்தன் சொல்லீரக் கூடாது. அவ பாத்தத அவ சொல்லட்டும். நான் செஞ்சத நான் சொல்லுதேன். வக்கீலு என்ன வேணும்னாலும் எழுதிக்கிடட்டும். அதெல்லாம் முடிஞ்ச பெறவு, வைகாசியில ஒரு நாளு பாரு. வாரேன்."

"தண்டனை கிடைச்சிட்டா அண்ணே?"

"கிடைச்சா உள்ள இருப்பேன். வெளிய வந்த பெறவு நாளு வை. பிள்ளைக்கு என்ன, வயசா போயிருச்சு?"

மதினி இடையில் புகுந்து, "அவளுக்குப் போகல. மாப்பிள்ளைக்குல்லா முடி கொட்டுதுன்னு சொன்னாவ" என்றார். மூவருமே சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டிருக்கையிலேயே அண்ணன் முகம் மாறியது. என்னைப் பார்க்காமல் சேலை வேலியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒண்ணே ஒண்ணு மட்டும் அவகிட்டக் கேளு. அங்கன நின்னு போன் போட்டவளுக்கு, இந்த ஓடையத் தாண்டி என் வீடு தெரியாதா? காக்கிச்சட்டைக்காரவிய வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? 'மாமா, நான் சொல்லிட்டேன்'னு வாசல்ல வந்து நின்னிருந்தா, நான் அவள அடிச்சிருப்பேனா?" டப்பாவைக் கீழே வைத்தார். "அடிச்சிருப்பேன். ஆனா பெறவு சோறு போட்டிருப்பேன்."

மகளே, அவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். இதற்கு நீ என்ன பதில் வைத்திருக்கிறாய் என்பதை நான் அறியேன். அஞ்சியிருப்பாய்; அழுதிருப்பாய்; ஓடையைத் தாண்ட உன் கால் எழும்பாமல் இருந்திருக்கும். அதற்காக உன்னைக் குறை சொல்ல நான் யார்? ஆயினும் உன்னைவிட மூத்தவள் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உன் வேலையில் இப்படிப்பட்ட நாட்கள் இன்னும் வரும். குஜராத்திலும் ஒரு மாமன் இருப்பான். அவன் உனக்கு மாமன் அல்லன் என்பதுதான் வேறுபாடு. மூன்று முறை விதைத்து மூன்று முறையும் பறிகொடுத்தவனாக இருப்பான். அவனுக்கு எதிராக நீ தகவல் சொல்ல வேண்டி வந்தால், சொல். அதே நாளில் அவன் வாசலுக்கும் போய் உன் வாயால் அதைச் சொல்லிவிடு. அவன் ஏசுவான், கையையும் ஓங்கலாம். தனியாகப் போகாதே, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள். பருந்தின் முதுகில் கட்டிய கருவியைத் தொடர்ந்து அத்தனை தூரம் போக முடிந்த உனக்கு, அந்த ஓடையைத் தாண்டும் தூரம் பழக வேண்டும். உங்கள் நிறுவனத்தார் எத்தனை பறவை வந்தது, எத்தனை போனது என்று எழுதுகிறார்கள். எத்தனை வீட்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்தோம் என்பதையும் அவர்கள் கருத வேண்டும் என்பது இந்தத் தாயின் பணிவான விண்ணப்பம்.

மாசியில் நீ வர வேண்டும். கூண்டில் ஏறி, கண்ணால் கண்டதை மட்டும் சொல். காணாததைச் சொல்லாதே, மாமாவின் மனத்தில் என்ன இருந்தது என்று எவர் கேட்டாலும் அது உனக்குத் தெரியாது என்றே சொல், ஏனெனில் உனக்கு அது தெரியாது. கண்டதில் எதையும் விழுங்கவும் செய்யாதே. விழுங்கினால் அவர் தலை நிமிர முடியாது. மாலையும் எடுத்துக் கொடுக்க மாட்டார். விசாரணைக்கு முந்தின நாளே நீ வந்துவிட்டால், இருவருமாக அவர் வீட்டுக்குப் போய் வரலாம். நான் உடன் வருகிறேன். பேச்சை நான் தொடங்கவும் மாட்டேன், முடிக்கவும் மாட்டேன். ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பேன்.

தை நாளைக் கைவிடுவதில் உள்ள சிரமத்தை நான் அறியாதவள் அல்லள். கயத்தாற்றில் மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டார்களா என்பது தெரியவில்லை. வைகாசி என்று சொல்லிவிட்டு, தீர்ப்பு வேறு மாதிரி அமைந்தால் அதையும் தள்ள வேண்டியிருக்கும். எது வரை என்று எவராலும் சொல்ல முடியாது. அவர்கள் காத்திருக்கச் சம்மதிப்பார்களா என்பதும் தெரியாது.  அவர்களிடம் போய் நான் பேசுவதற்கு முன், நீயும் மாப்பிள்ளையும் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு முடிப்பதென்றாலும் அது உங்கள் உரிமை. நான் வந்து ஆசி கூறுவேன். இந்த முறை கல்யாண நாளை நான் எடுக்க மாட்டேன்.

மண்டபத்துக்காரர் வருகிற திங்கட்கிழமை பதில் கேட்டிருக்கிறார். தை நாளை விட்டுவிடட்டுமா, வேண்டாமா என்பதை மட்டும் அதற்குள் தெரிவி. தொலைபேசியில் வேண்டாம், நீ நினைப்பதை எழுது. தயவுசெய்து உடனே பதில் எழுது.

இப்படிக்கு,
உன் தாய்